1,86,000 கி.மீ ஓடிய எஸ்.யு.வி... வாங்கலாமா, வேண்டாமா? ஒரு திண்டுக்கல் குடும்பம் போட்ட கணக்கு!

'சிங்கிள் ஓனர்', 'டாக்டர் வண்டி', 'ஷோரூம் கண்டிஷன்', 'ஒரு ரூபாய் செலவில்லை'... பழைய கார் விளம்பரங்களில் இந்த நான்கில் ஒன்றாவது இல்லாமல் இருக்காது. திண்டுக்கல்லைச் சேர்ந்த அந்த ஆசிரியையும், சின்னதாக ஒரு பிரின்டிங் பிரஸ் நடத்தும் அவர் கணவரும் இரண்டு மாதங்களாக இப்படிப்பட்ட விளம்பரங்களைத்தான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையில் இருந்தது நாலரை லட்சம் ரூபாய். தேவைப்பட்டதோ, வாரத்துக்கு இரண்டு நாள் தவறாமல் சிறுமலை ஏறி இறங்கக்கூடிய ஒரு வண்டி.

அந்த பட்ஜெட்டில் கிடைத்த எஸ்.யு.வி-க்கள் எல்லாமே லட்சக்கணக்கில் கிலோமீட்டர் ஓடியவை. 'இவ்வளவு ஓடின வண்டியை நம்பி வாங்கலாமா?' என்ற கேள்விக்கு ஆளுக்கு ஒரு பதில் சொன்னார்கள். கடைசியில் அந்த வீட்டில் முடிவெடுக்க உதவியது ஒரு நாற்பது பக்க நோட்டும், ஒரு மெக்கானிக்கும்தான்.

எதற்காகப் பெரிய வண்டி?

கணவரின் அப்பாவுக்கு வயது 74. சிறுமலையில் மூன்று ஏக்கர் தோட்டம். வாழை, மிளகு, கொஞ்சம் காபி, எலுமிச்சை. விளைந்த தாரை இன்றும் குதிரை முதுகில் ஏற்றி ரோட்டுக்குக் கொண்டுவரும் பழக்கம் உள்ள ஊர் அது. மனைவி இறந்த பிறகும் அவர் தோட்டத்து வீட்டை விட்டு இறங்கவில்லை. "அங்க வந்து நாலு சுவத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கச் சொல்றியாப்பா?" என்பதுதான் மகன் கூப்பிடும்போதெல்லாம் வரும் பதில்.

இரண்டு வருடங்களுக்கு முன் சிறுநீரகம் செயலிழந்து, வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் என்றானது. திண்டுக்கல்லிலிருந்து சிறுமலை சுமார் 25 கிலோமீட்டர். வழியில் 18 கொண்டை ஊசி வளைவுகள். அதற்கு மேல் தோட்டத்துக்கு இரண்டு கிலோமீட்டர் மண்பாதை. வீட்டில் இருந்த சின்ன காரில் ஆரம்பத்தில் போய்ப் பார்த்தார்கள். ஒரு நாள் மண்பாதையில் கல் மோதி, அடியில் ஆயில் சம்ப் ஓட்டையாகிவிட்டது. அதற்குப் பிறகு, மலையில் ஜீப் வைத்திருக்கும் ஒருவரைப் பேசி வைத்தார்கள். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, நான்கு மணி நேரம் காத்திருந்து, திரும்பக் கொண்டுபோய் விட 1,800 ரூபாய்.

ஜீப்காரர் நல்ல மனிதர். ஆனால், அறுவடை நாள்களில் அவருக்கு லோடு இருக்கும். மழை நாள்களில் வண்டி எடுக்கத் தயங்குவார். அப்படி ஒரு நவம்பரில் அடுத்தடுத்து இரண்டு டயாலிசிஸ் தவறிப்போயின. உடம்பில் நீர் சேர்ந்து, மூச்சுத்திணறலோடு பெரியவரைத் தூக்கிக்கொண்டு ஓடும்படி ஆனது. மூன்று நாள் ஐ.சி.யு-வில் இருந்து பிழைத்து வந்தார். வீட்டில் வண்டிப் பேச்சு ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

நோட்டில் எழுதிய கணக்கு

மனைவி கணக்கு ஆசிரியை. பேச்சை விட்டுவிட்டு நோட்டை எடுத்தார்.

வாரம் இரண்டு என்றால் வருடத்துக்கு 104 முறை. ஜீப்புக்கு 1,800 வீதம் 1,87,200 ரூபாய். சொந்த வண்டி என்றால், கணவர் கீழேயிருந்து மேலே போய் அப்பாவை அழைத்து வர வேண்டும், மறுபடி கொண்டுபோய் விட்டுவிட்டு இறங்க வேண்டும். ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டருக்குக் குறையாது. வருடத்துக்கு 10,400 கிலோமீட்டர். மலை ரோட்டில் லிட்டருக்கு 13 கிலோமீட்டர் கிடைத்தால் 800 லிட்டர் டீசல். லிட்டர் 93 ரூபாய் என்று வைத்தால் 74,400 ரூபாய். இன்ஷூரன்ஸ் 14,000, பழைய வண்டி என்பதால் பராமரிப்புக்கு 45,000 என்று தாராளமாகவே போட்டார். மொத்தம் 1,33,400.

மிச்சம் வருடத்துக்கு 53,800 ரூபாய். "இதை நம்பி நாலு லட்சத்தைப் போட்டா, போட்ட காசு திரும்ப ஏழு வருஷத்துக்கு மேல ஆகும். லாபத்துக்காக வாங்கறோம்னு நம்மளை நாமே ஏமாத்திக்க வேண்டாங்க. மாமா ஒரு முறைகூட டயாலிசிஸ் தவற விடக் கூடாதுன்னு வாங்கறோம். அப்படின்னா, வழியில நிக்காத வண்டியாத்தான் பார்க்கணும்" என்றார்.

இந்த ஒரு வாக்கியம் தேடலையே மாற்றிவிட்டது. அதுவரை கணவர் நிறம், அலாய் வீல், சன் ரூஃப் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலரை லட்சத்தில் 3,20,000 ரூபாய் மனைவி எடுத்த சீட்டுப் பணம். சின்ன காரை விற்றால் 1,30,000. இவை தவிர வங்கியில் இரண்டு லட்சம் டெபாசிட் இருந்தது. அது ப்ளஸ் டூ படிக்கும் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு. ஜூன் மாதம் கையில் இருந்தாக வேண்டிய பணம்.

மனைவியின் தம்பி வேறொரு யோசனை சொன்னார். "எதுக்கு மச்சான் அடுத்தவன் ஓட்டிப்போட்ட வண்டி? பத்து லட்சத்துல புதுசாவே எடுத்துருங்க. நாலரையைக் கட்டுங்க, மிச்சத்துக்கு லோன் போடலாம்." ஐந்தரை லட்சம் கடன், ஐந்து வருடம், ஒன்பதரை சதவிகித வட்டி என்றால் மாதத் தவணை சுமார் 11,500 ரூபாய். கல்யாண சீசனில் பிரஸ்ஸில் வேலை குவியும். ஆடி, மார்கழியில் மிஷின் சும்மா நிற்கும். அந்த மாதங்களிலும் 11,500 கட்ட முடியுமா என்று யோசித்ததும் அந்தப் பேச்சு நின்றுபோனது.

78,000 கி.மீ காட்டிய வண்டி

மண்பாதைக்குத் தரையிலிருந்து உயரம் வேண்டும். அதே சமயம், கால் மரத்துப்போன பெரியவர் ஏணி வைத்து ஏறும்படியும் இருக்கக் கூடாது. டயாலிசிஸ் முடிந்து சோர்ந்து வருபவரை வண்டி தூக்கிப்போடவும் கூடாது. இரண்டு மூன்று வண்டிகளில் பெரியவரையே ஏறி உட்காரச் சொல்லிப் பார்த்தார்கள். அவர் 'இது தேவலை' என்றது டஸ்டர் வண்டியைத்தான்.

டஸ்டர் இந்தியாவில் 2012-ல் விற்பனைக்கு வந்தது. சென்னை ஒரகடத்தில் தயாரானது. தரையிலிருந்து 205 மி.மீ உயரம். 1.5 லிட்டர் டீசல் இன்ஜின், 85 மற்றும் 110 குதிரைத்திறன் என இரண்டு வகை. 2020-ல் பி.எஸ் 6 விதிகள் வந்தபோது டீசல் வகை நின்றது. '2022-லேயே அந்த வண்டி தயாரிப்பையே நிறுத்திட்டாங்களே, பார்ட்ஸ் கிடைக்குமா?' என்று கணவர் பயந்தார். அதே இன்ஜின் டெரானோ, சன்னி, லாட்ஜி என்று வேறு சில கார்களிலும் இருந்ததால், இன்ஜின் பாகங்களுக்குப் பெரிய சிக்கல் இல்லை என்று மெக்கானிக் தைரியம் சொன்னார்.

முதலில் பார்த்தது ஒரு புரோக்கரிடம் இருந்த 2014 மாடல். மீட்டரில் 78,000 கிலோமீட்டர். விலை 4,60,000. பாலிஷ் போட்டுப் பளபளவென்று நின்றது. கணவருக்கு மனசு முழுக்க அதில்தான். "பத்தாயிரம்தானே அதிகம், டெபாசிட்ல கொஞ்சம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டார். "அந்தப் பணம் வண்டிக்கு இல்லீங்க" என்றார் மனைவி. இருந்தாலும் மெக்கானிக்கை அழைத்துப்போனார்கள். பார்த்துச் சொல்ல 1,500 ரூபாய் கூலி.

மெக்கானிக் மீட்டரையே பார்க்கவில்லை. முதலில் பானெட்டில் கை வைத்துப் பார்த்தார். சூடாக இருந்தது. "வண்டி பார்க்க வர்றோம்னு சொன்ன பிறகு இன்ஜினை ஓட்டிச் சூடாக்கி வெச்சிருக்காங்க. டீசல் வண்டியோட உண்மை முகம் காலையில குளிர்ந்து கிடக்கும்போது ஸ்டார்ட் பண்ணினாத்தான் தெரியும். ஒரு மணி நேரம் கழிச்சு வர்றோம்" என்று டீக்கடைக்குக் கூட்டிப்போய்விட்டார்.

திரும்பி வந்ததும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கிளட்ச், பிரேக் பெடல்களின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது. ஸ்டீயரிங்கின் தோல், கை பிடிக்கும் இடங்களில் உரிந்திருந்தது. டிரைவர் சீட்டின் ஓரம் அமுங்கியிருந்தது. "78,000 ஓடின வண்டில இவ்வளவு தேய்மானம் வராது டீச்சர்" என்றார். இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார். புகை குபுகுபுவென்று தள்ளியது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் இப்படித் தள்ளும். சைலன்ஸரில் வந்த புகையில் நீல நிறம். ஆயில் எரிகிறது என்று அர்த்தம். கறுப்புப் புகை என்றால் ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர் பக்கம் பார்க்க வேண்டும். வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

கடைசியில், பானெட் ஓரத்தில் கம்பியில் கட்டிய ஒரு பழைய அட்டை அவர் கண்ணில் பட்டது. யாரோ ஒரு வொர்க்‌ஷாப்காரர் ஆயில் மாற்றியபோது எழுதிக் கட்டியது. கிரீஸ் படிந்திருந்த அதில் '1,24,000' என்று இருந்தது. மீட்டரைத் திருப்பியவர்கள் அந்த அட்டையைக் கழற்ற மறந்திருந்தார்கள்.

புரோக்கர், "அது வேற வண்டியோட அட்டை சார்" என்றார். யாரும் வாதாடவில்லை. வண்டியில் ஏறித் திரும்பிவிட்டார்கள்.

1,86,000 கி.மீ... மறைக்காத வண்டி

அடுத்தது மதுரையில் ஒருவரின் வண்டி. 2015 மாடல், 85 குதிரைத்திறன், ஐந்து கியர். மருந்து கம்பெனியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்காக மதுரையிலிருந்து சென்னைக்கும் நாகர்கோவிலுக்குமாக ஓட்டியே 1,86,000 கிலோமீட்டர் ஆகியிருந்தது. கேட்ட விலை 3,50,000. பம்பரில் கீறல், பின் கதவில் சின்ன ஒடுக்கு. அவற்றைச் சரிசெய்யக்கூட இல்லை.

ஆனால், அவர் ஒரு ஃபைல் வைத்திருந்தார். முதல் சர்வீஸிலிருந்து கடைசி ஆயில் மாற்றியது வரைக்கும் எல்லா பில்லும் தேதி வாரியாக இருந்தது. ஒவ்வொன்றிலும் கிலோமீட்டர் ஏறிக்கொண்டே வந்திருந்தது. டைமிங் பெல்ட் 92,000-ல் மாற்றிய பில் இருந்தது. கிளட்ச் 1,31,000-ல். "டைமிங் பெல்ட் அடுத்து மாத்தற நேரம் வந்துருச்சு. அதை நீங்கதான் செய்யணும், அதுக்காக இருபதாயிரம் குறைச்சுக்கறேன்" என்று அவரே சொன்னார்.

இந்த டைமிங் பெல்ட் ஒரு முக்கியமான சமாசாரம். சில இன்ஜின்களில் அந்த வேலையைச் செய்வது இரும்புச் செயின். இந்த இன்ஜினில் ரப்பர் பெல்ட். குறிப்பிட்ட கிலோமீட்டர் அல்லது குறிப்பிட்ட வருடங்கள், இதில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றிவிட வேண்டும். ஓடும்போது அறுந்தால், பிஸ்டனும் வால்வும் மோதி இன்ஜினே போய்விடும். பெல்ட்டை மாற்றும்போதே டென்ஷனரையும் வாட்டர் பம்ப்பையும் சேர்த்து மாற்றுவதுதான் வழக்கம்.

காலை ஆறரை மணிக்குப் போய் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தார்கள். ஒரே சாவியில் எடுத்தது. ஆயில் மூடியைத் திறந்தபோது லேசான ஆவி மட்டும்தான். ஸ்கேனர் மாட்டியதில் பெரிய எர்ரர் எதுவும் இல்லை. அழகர்கோவில் பக்கம் ஓட்டிப் பார்த்ததில், முன்பக்க சஸ்பென்ஷனில் 'டொக் டொக்' சத்தம். டயர்களின் பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்க எண்ணை மெக்கானிக் படித்தார். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். நான்குமே ஆறு வருடத்துக்கு முன் தயாரானவை. பட்டன் நன்றாக இருந்தாலும் மலைக்கு வேண்டாம், மாற்றிவிட வேண்டும் என்றார்.

அன்று இரவு வீட்டில் பெரிய விவாதம். "ரெண்டு லட்சத்தைத் தொடப்போற வண்டியை யாராவது வாங்குவாங்களா மச்சான்? மறுபடி விக்கவே முடியாது" என்றார் மைத்துனர். கணவருக்கும் உள்ளுக்குள் உதறல்தான்.

மெக்கானிக் சொன்ன பதில் எளிமையானது. நெடுஞ்சாலையில் ஒரே சீரான வேகத்தில் ஓடும் இன்ஜின், ஒரு முறை சூடானால் பல மணி நேரம் ஓடும். கிளட்ச், பிரேக், கியர் எல்லாவற்றுக்கும் வேலை குறைவு. ஊருக்குள் தினம் நான்கு முறை குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகி, இரண்டு கிலோமீட்டர் ஓடி நிற்கும் வண்டியைவிட இது தேவலை. ஆனால், புஷ், ஷாக் அப்சார்பர், பேரிங், ரப்பர் ஹோஸ் போன்றவை ஓட்டத்துக்கும் வயதுக்கும் தகுந்தபடி போகத்தான் செய்யும். "செலவே வராதுன்னு நான் சொல்ல மாட்டேன் சார். எந்தச் செலவு வரும்னு முன்னாடியே தெரியுது. அந்த வண்டில அது தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம்."

மனைவி நோட்டில் இரண்டு வண்டிகளையும் அருகருகே எழுதினார். முதல் வண்டியை வாங்கினால் கையில் ஒரு ரூபாய் மிஞ்சாது. இதை வாங்கினால் 1,20,000 மிஞ்சும். பழைய வண்டி வாங்குபவர்கள் மொத்தப் பணத்தையும் விலைக்கே கொடுத்துவிட்டு, முதல் ரிப்பேருக்கு நகையை அடகு வைப்பதை அவர் சொந்தத்திலேயே பார்த்திருக்கிறார். 3,30,000-க்குப் பேசி முடித்தார்கள்.

காகிதங்களும் முக்கியம்

பணம் கொடுப்பதற்கு முன், பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, நிலுவையில் அபராதம் இருக்கிறதா, கடன் பதிவு இருக்கிறதா என்று பார்த்தார்கள். பழைய கடன் முடிந்திருந்தது. ஆனால், ஆர்.சி-யில் வங்கியின் பெயர் அப்படியே இருந்தது. வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கொடுத்து அதை நீக்கிய பிறகே மீதிப் பணம் என்று சொல்லிவிட்டார்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 கையெழுத்தாயின.

இன்ஷூரன்ஸில் ஒரு விஷயம் பலருக்கும் தெரிவதில்லை. விற்றவர் சேர்த்து வைத்த 'நோ க்ளெய்ம் போனஸ்' வண்டியோடு வராது. அது அவருக்கே சொந்தம். வாங்கியவர் 14 நாள்களுக்குள் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இல்லையென்றால், சொந்த வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு க்ளெய்ம் கேட்கும்போது சிக்கலாகிவிடும்.

வண்டியின் வயதையும் பார்த்தார்கள். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருடம். 2015 வண்டி என்பதால் 2030 வரை ஓட்டலாம். அதன் பிறகு தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். டெல்லியில் பழைய டீசல் வண்டிகளுக்கு இருக்கும் கட்டுப்பாடு தமிழ்நாட்டில் இல்லை. அதனாலேயே டெல்லி வண்டிகள் சல்லிசாக இங்கே வருவதாக ஒருவர் ஆசை காட்டினார். வேற்று மாநில வண்டி என்றால் தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, மறுபடி சாலை வரி என்று போகும் என்பதால் அந்தப் பக்கமே போகவில்லை.

வாங்கிய பிறகு

வண்டி வீட்டுக்கு வந்த அன்றே வொர்க்‌ஷாப்புக்குப் போய்விட்டது. டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் 16,000. நான்கு டயர்கள் 30,000. முன்பக்க சஸ்பென்ஷன் வேலை 18,000. பேட்டரி 7,000. ஆயில், ஃபில்டர்கள், பிரேக் பேட் 11,000. பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்து 17,000. ஆக 99,000 ரூபாய். வண்டி விலையோடு சேர்த்து 4,29,000. கையில் மிச்சம் 21,000.

"பார்த்தியாக்கா, கடைசில அந்த வண்டி விலைக்கே வந்து நிக்குது" என்று தம்பி கிண்டல் செய்தார். "அந்த விலைக்கு அதுல பழைய பெல்ட்டும் பழைய டயரும்தானேடா இருக்கும்" என்றார் அக்கா.

ஆறு மாதம் ஆகிவிட்டது. டயாலிசிஸ் ஒரு முறைகூடத் தவறவில்லை. முழுக்கச் செலவே இல்லாமலும் போய்விடவில்லை. ஏப்ரலில் ஏ.சி கம்ப்ரஸர் மக்கர் செய்து 14,000 ரூபாய் கேட்டது. ஒதுக்கி வைத்த பணத்திலிருந்து கொடுத்தார்கள். ஏ.சி-தான் போனது, வண்டி நிற்கவில்லை. மாதம் 3,000 ரூபாயை வண்டிக்கென்று தனியாக அஞ்சலகத்தில் போட்டு வருகிறார் மனைவி.

நினைக்காத ஒரு கஷ்டமும் இருக்கிறது. வாரம் இரண்டு நாள் கணவர் நான்கு மணிக்கு எழுந்து மலையேற வேண்டும். பிரஸ் வேலை இரவுக்குத் தள்ளிப்போகிறது. நோட்டில் டீசலுக்குக் கணக்கு இருந்தது, அவருடைய தூக்கத்துக்கு இல்லை. இப்போது மாதத்தில் இரண்டு முறை ஜீப்காரரையே டிரைவராக அழைத்துக்கொள்கிறார்கள். அவருக்கும் வருமானம் போகவில்லை.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் மனைவி ஒரு விதி எழுதி, கணவரிடம் கையெழுத்தும் வாங்கி வைத்திருக்கிறார். ஒரே ரிப்பேருக்கு 80,000 ரூபாய்க்கு மேல் கேட்டால், மறுபேச்சில்லாமல் வண்டியைக் கொடுத்துவிட வேண்டும். 'இவ்வளவு போட்டுட்டோமே, இன்னும் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம்' என்ற பேச்சு கூடாது. வண்டி மேல் பாசம் வருவதற்கு முன்பே இதை எழுதிவிட வேண்டும் என்பது அவர் கட்சி.

ஜூன் மாதம் மகள் நர்ஸிங் சேர்ந்தாள். டெபாசிட் பணம் அப்படியே இருந்தது. கட்டணம் கட்டிய ரசீதையும் அம்மா அந்த நோட்டிலேயே ஒட்டி வைத்திருக்கிறார்.